கொழும்பிலிருந்து சூப்பர் கணினி நேரம் கேட்பது எப்படி: விண்வெளிக் கொந்தளிப்பும் காந்தப்புலமும் ஆய்வோருக்கு ஒரு முழு வழிகாட்டி

"அண்ணா, பத்து லட்சம் மணித்தியாலம் கேட்டால் தருவாங்களோ?"

வெள்ளவத்தையில் என்னைப் பார்க்க வந்த ஒரு தம்பி, வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இது. சூப்பர் கணினியின் ஒரு கோர், அதாவது ஒரு கணக்கிடும் அலகு, ஒரு மணித்தியாலம் ஓடுவதைத்தான் இங்கே ஒரு மணித்தியாலம் (கோர்-மணித்தியாலம்) என்கிறோம். இயற்பியலில் முதுகலை செய்கிறார். நட்சத்திரங்களுக்கிடையிலான வாயுவின் கொந்தளிப்பு எப்படிக் காந்தப்புலத்தை வளர்க்கிறது என்பதைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. "தருவார்கள். ஆனால் அந்தப் பத்து லட்சம் எங்கிருந்து வந்தது என்று முதலில் எனக்குச் சொல்லுங்கள்" என்றேன். அவரிடம் பதில் இல்லை. அன்று மாலை முழுவதும் உட்கார்ந்து அந்த எண்ணைக் கணக்கிட்டோம். அதை மற்றவர்களுக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

நம் பால்வெளியின் காந்தப்புலம் சில மைக்ரோகாஸ் அளவுதான். கொழும்பில் திசைகாட்டியின் முள்ளைத் திருப்பும் பூமியின் புலம் ஏறக்குறைய 0.4 காஸ். அதோடு ஒப்பிட்டால் பால்வெளியின் புலம் கிட்டத்தட்ட லட்சத்தில் ஒரு பங்கு. இருந்தாலும் வாயு மேகங்கள் சுருங்கி நட்சத்திரமாவதையும் காஸ்மிக் கதிர்கள் போகும் பாதையையும் தீர்மானிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மிக நுண்ணிய ஒரு விதைப் புலத்திலிருந்து இந்த அளவுக்கு அது எப்படி வளர்ந்தது? கொந்தளிக்கும் வாயு புலக்கோடுகளை இழுத்து, முறுக்கி, மடித்து வலுவாக்குகிறது என்பது இன்றைய விளக்கம். இதைச் சிறு அளவு டைனமோ என்கிறோம். கசன்ட்சேவ் 1968-ல் இதன் அடிப்படைக் கோட்பாட்டை எழுதினார்.

இது துறை. இதற்குள் உங்கள் கேள்வி எது? "காந்தப்புலத்தை ஆராயப் போகிறேன்" என்று எழுதினால் மதிப்பீட்டாளருக்கு ஒன்றும் விளங்காது. "காந்தப் பிரான்ட்ல் எண் 1, 2, 4 என மாறும்போது, நிறைவடைந்த நிலையில் காந்த ஆற்றலுக்கும் இயக்க ஆற்றலுக்கும் உள்ள விகிதம் எப்படி மாறுகிறது?" என்று எழுதினால், எத்தனை ஓட்டம் வேண்டும், எதை அளக்கப் போகிறீர்கள், எப்போது நிறுத்தலாம் என்பதெல்லாம் அந்த ஒரு வரியிலேயே இருக்கும். நிறைவடைந்த நிலை என்பது காந்தப்புலம் வளர்ந்து முடிந்து நின்றுவிட்ட நிலை. காந்தப் பிரான்ட்ல் எண் என்பது பாகுமைக்கும் மின்தடைப் பரவலுக்கும் உள்ள விகிதம். விண்மீனிடை வாயுவில் அது மிக மிகப் பெரியது, நட்சத்திரங்களின் உட்பகுதியில் ஒன்றுக்கும் வெகு கீழே. அந்த இரு உண்மையான மதிப்புகளையும் எந்தச் சூப்பர் கணினியாலும் நேரடியாக எட்ட முடியாது. அதை ஒளிக்காமல் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். நாம் பார்ப்பது போக்கை மட்டும்தான். அதைச் சொல்லாமல் விட்டால் மதிப்பீட்டாளரே கேட்பார்.

நிரலைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக நிரல் எழுதிக்கொண்டு நேரம் கேட்கப் போகாதீர்கள். அதீனா பிளஸ் பிளஸ், பென்சில் கோட், புளூட்டோ, ஃபிளாஷ் ஆகியவை பல ஆண்டுகள் சோதிக்கப்பட்டவை. மதிப்பீட்டாளர்களுக்கும் நன்கு தெரிந்தவை. காந்தப்புலத்தின் விரிவு (divergence, அதாவது ஒரு புள்ளியிலிருந்து புலக்கோடுகள் புதிதாகக் கிளம்புவது) எங்கும் சுழியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியில் காக்கிறது. அதீனா பிளஸ் பிளஸ் பெட்டியைச் சிறு கனசதுர அறைகளாகப் பிரித்து, அவற்றின் முகங்களில் புலத்தை வைத்துக் கணக்கிடுகிறது. பென்சில் கோட், காந்தப்புலத்துக்குப் பதிலாக அது பெறப்படும் திசையன் அழுத்தத்தையே (vector potential, வாயு அழுத்தம் அல்ல) காலத்தில் நகர்த்துகிறது. உங்கள் நிரல் இதை எப்படிச் செய்கிறது என்று ஒரு வாக்கியமாவது விண்ணப்பத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று, இன்றைய பெரிய இயந்திரங்களின் வலு பெரும்பாலும் ஜிபியுக்கள் எனப்படும் வரைகலைச் செயலிகளில்தான் இருக்கிறது. பின்லாந்தின் கயானியில் உள்ள லூமியில் ஏஎம்டி ஜிபியுக்கள், இத்தாலியின் பொலோஞாவில் உள்ள லியோனார்டோவில் என்விடியா ஜிபியுக்கள். ஒன்றுக்கென எழுதிய நிரல் மற்றதில் ஓடாமல் போகலாம். அதீனா-கே போன்ற புதிய நிரல்கள் வெவ்வேறு ஜிபியுக்களுக்கு ஏற்ப நிரலை மாற்றித்தரும் கொக்கோஸ் என்ற மென்பொருள் அடுக்கின் மேல் எழுதப்பட்டிருப்பதால் இரண்டிலும் ஓடும். உங்கள் நிரல் சாதாரண கோர்களில் மட்டும் ஓடுவதென்றால், கோர் பகுதி உள்ள இயந்திரத்தையே கேளுங்கள்.

செலவைக் கணக்கிடுதல்: இங்கேதான் அதிக நேரம் செலவழியுங்கள்

ஒவ்வொரு பக்கமும் 512 அறைகள் கொண்ட ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 512×512×512, அதாவது 13 கோடியே 42 லட்சம் அறைகள்.

அடுத்தது நேர அடி, அதாவது நிரல் ஒரு தடவையில் முன்னேறும் கால அளவு. ஓர் அடிக்குள் எந்த அலையும் ஓர் அறையைத் தாண்டக் கூடாது என்பது கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928-ல் காட்டிய நிபந்தனை. பெட்டியின் பாதி அளவில் வாயுவைக் கலக்குகிறோம், மிக வேகமான அலை சராசரிக் கொந்தளிப்பு வேகத்தைப் போல் 5 மடங்கு, பாதுகாப்புக் காரணி 0.3 என்று வையுங்கள். ஒரு சுழல் ஒருமுறை புரள்வதற்கு ஏறக்குறைய 4,270 அடிகள் வேண்டும். 10 புரள்வுகளுக்கு 42,700 அடிகள். அறைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் 5.7 லட்சம் கோடி அறைப் புதுப்பிப்புகள்.

இப்போது உங்கள் நிரல் ஒரு கோரில் ஒரு விநாடிக்கு எத்தனை அறைகளைப் புதுப்பிக்கிறது? இதை நீங்களேதான் அளக்க வேண்டும். நான் முதன்முதலில் விண்ணப்பித்தபோது, நிரலைப் பற்றிய ஒரு கட்டுரையிலிருந்து அந்த வேகத்தை எடுத்துப் போட்டேன். அந்தக் கட்டுரையின் இயந்திரம் வேறு, அதில் காந்தப்புலமும் இல்லை. "இந்த எண் எங்கே அளக்கப்பட்டது?" என்ற ஒரே குறிப்போடு விண்ணப்பம் திரும்பி வந்தது. ஆறு மாதம் போனது. அது முதல் சொந்தமாக அளக்காத எண் எதையும் நான் எழுதுவதில்லை.

நீங்கள் அளந்து 5 லட்சம் கிடைத்தது என்று வைப்போம். அப்படியானால் 512 ஓட்டம் ஒன்றுக்கு ஏறக்குறைய 3,180 கோர்-மணித்தியாலம். கட்டத்தை இருமடங்காக்கினால் அறைகள் 8 மடங்கு, அடிகள் 2 மடங்கு, ஆகச் செலவு 16 மடங்கு. 1024 ஓட்டத்துக்கு 50,900. 2048 ஓட்டத்துக்கு 8 லட்சத்து 14 ஆயிரம்.

இந்த 16 மடங்குக்கு நமக்குக் கிடைப்பது என்ன? எட்டக்கூடிய ரெனால்ட்ஸ் எண் (கொந்தளிப்பின் வலுவைக் காட்டும் எண்) ஒரு பக்கத்தின் கட்ட எண்ணிக்கையின் 4/3 படியில் வளர்கிறது. இருமடங்கு கட்டத்துக்கு அது சுமார் 2.5 மடங்குதான் கூடும். பதினாறு கொடுத்து இரண்டரை வாங்குகிறோம். ஆகவே ஒவ்வொரு இருமடங்காக்கலுக்கும் இயற்பியலில் ஒரு காரணம் வேண்டும். "இன்னும் தெளிவாகத் தெரியும்" என்பது காரணமாகாது.

அந்தத் தம்பியின் திட்டத்தை இப்படிப் போட்டுப் பார்த்தோம். 512-ல் ஒன்பது ஓட்டங்கள், 1024-ல் மூன்று, 2048-ல் ஒன்று. கூட்டினால் 9 லட்சத்து 96 ஆயிரம். அவர் சொன்ன பத்து லட்சம் தற்செயலாக அப்படியே வந்துவிட்டது! ஆனால் அதில் 82 சதவீதம் அந்த ஒற்றை 2048 ஓட்டத்துக்குப் போகிறது. அதை எடுத்துவிட்டால் மீதி வெறும் 1 லட்சத்து 81 ஆயிரம்.

அதை எடுத்துவிட வேண்டுமா? அவருடைய கேள்வி வளர்ச்சியைப் பற்றியதல்ல, நிறைவடைந்த நிலையைப் பற்றியது. அப்படியானால் 2048 ஓட்டத்தைச் சுழியிலிருந்து தொடங்கத் தேவையில்லை. 1024 ஓட்டம் நிறைவடைந்த பின் அதன் நிலையை நுண்கட்டத்துக்கு ஏற்றி, 3 புரள்வுகள் மட்டும் ஓட்டலாம். சிறு சுழல்கள் விரைவில் புதிய கட்டத்துக்குப் பழகிவிடும். செலவு 2 லட்சத்து 44 ஆயிரமாக இறங்குகிறது, மொத்தம் 4 லட்சத்து 26 ஆயிரம். இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஏற்றும்போது காந்தப்புலத்தின் விரிவு சுழியாகவே இருக்கும்படி இடைச்செருகல் செய்ய வேண்டும், சாதாரண இடைச்செருகல் அதைக் கெடுத்துவிடும். பெரிய அளவில் பரந்த புலம் மெதுவாகவே மாறும் என்பதால், 3 புரள்வுக்குள் காந்த ஆற்றல் நிலைத்ததா என்று வரைபடத்தில் காட்டவும் வேண்டும்.

விழுந்த ஓட்டங்கள், மீண்டும் செய்ய வேண்டியவை ஆகியவற்றுக்கு 10 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 4 லட்சத்து 70 ஆயிரம். அந்தப் பத்து சதவீதத்தை ஒளிக்காமல் தனி வரியாகக் காட்டுங்கள்.

முன்னோட்ட முடிவு கொழும்பிலேயே எடுக்கலாம்

இதே கணக்கைக் கீழ்நோக்கிப் போடுங்கள். 256 ஓட்டம் 199 கோர்-மணித்தியாலம். 8 கோர் உள்ள ஒரு சாதாரண மேசைக் கணினியில் ஒரு நாளும் கொஞ்சமும். 128 ஓட்டம் 12 கோர்-மணித்தியாலம்தான், மடிக்கணினியில் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். ஆகவே "எங்களிடம் வசதி இல்லை, அதனால் முன்னோட்ட முடிவு இல்லை" என்று எழுத வேண்டிய நிலை நமக்கு இல்லை. 128, 256 இரண்டிலும் காந்த ஆற்றல் வளர்ந்து நிறைவடையும் கோட்டையும், எந்த அளவுச் சுழலில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் ஆற்றல் நிறமாலையையும் வரைந்து விண்ணப்பத்தில் வையுங்கள். இவருக்கு இந்த நிரலை ஓட்டத் தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

மின்சாரத்தை மட்டும் நம்பாதீர்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒவ்வொரு அரை மணித்தியாலத்துக்கும் ஒரு செக்பாயிண்ட் (விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் கோப்பு) எழுதும்படி நிரலை அமைத்துவிடுங்கள். இந்தப் பழக்கம் பெரிய இயந்திரத்திலும் உதவும். அங்கே ஒரு வேலைக்கு 24 மணித்தியாலம் போன்ற எல்லை இருக்கும். 8,192 கோர்களில் முழு நீள 2048 ஓட்டம் ஏறக்குறைய 100 மணித்தியாலம் பிடிக்கும், அதாவது குறைந்தது ஐந்து துண்டுகளாகத்தான் ஓடும்.

அளவேற்றச் சோதனை

கோர்களைக் கூட்டினால் வேகமும் அதே அளவு கூடுகிறதா என்று காட்டும் அட்டவணை இது. இரண்டு வகை உண்டு. ஒரே 512 பெட்டியை 64, 128, 256, 512 கோர்களில் ஓட்டுவது ஒன்று. ஒரு கோருக்கு இத்தனை அறை என்று நிலையாக வைத்துப் பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போவது மற்றது. மேலே சொன்ன வேகத்தில், 64 கோரில் ஓர் அடிக்கு 4.2 விநாடி ஆகும். 512 கோரில் 0.52 விநாடியாக வேண்டும். நீங்கள் அளந்தது 0.62 என்றால் திறன் சுமார் 85 சதவீதம், அது நல்ல எண்தான்.

திறன் ஏன் குறைகிறது என்று விளங்கிக்கொண்டால் கோர் எண்ணிக்கையை நியாயப்படுத்துவது எளிது. ஒவ்வொரு கோரும் தன் தொகுதியைச் சுற்றி அண்டை வீட்டாரின் அறைகளை இரண்டு அடுக்கு நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. தொகுதி 64×64×64 என்றால் அந்த மேலதிகச் சுமை 20 சதவீதம். 16×16×16 என்றால் மொத்தம் கிட்டத்தட்ட இருமடங்காகிவிடும், வேலையில் பாதி நகலுக்கே போகும். அதனால்தான் சிறிய பெட்டியை ஆயிரம் கோர்களில் ஓட்டுவது வீண். விண்ணப்பத்தில் "திறன் 80 சதவீதத்துக்குக் கீழே போகாத எண்ணிக்கையில்தான் ஓட்டுவோம்" என்று எழுதி, அந்த எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள்.

சோதனையை நீங்கள் கேட்கும் இயந்திரத்திலேயே செய்ய வேண்டும். அதற்குத்தான் பல மையங்கள் சிறு சோதனைக் கணக்குகளைத் தருகின்றன.

எங்கே கேட்பது, யார் பெயரில் கேட்பது

இந்த இடத்தில்தான் கொழும்பிலிருந்து கேட்பவருக்கு உண்மையான தடை வருகிறது. பெரும்பாலான திட்டங்களில் முதன்மை ஆய்வாளர் அந்த நாட்டிலோ கூட்டமைப்பிலோ பணிபுரிபவராக இருக்க வேண்டும். ஐரோப்பாவின் சூப்பர் கணினிக் கூட்டு முயற்சியான யூரோஎச்பிசி ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் அதன் ஆய்வுத் திட்டங்களோடு இணைந்த நாடுகளுக்கும் உரியது. அதில் சோதனை, மேம்பாடு, வழமையான அணுகல், மிகப்பெரிய அளவு எனப் பல படிகள் உண்டு. 4 லட்சத்துச் சொச்சம் கேட்பவர் முதலில் சோதனைப் படியில் நுழைந்து அட்டவணையைத் தயார் செய்துவிட்டு மேலே போவதே சரியான வழி. அமெரிக்காவின் அக்சஸ் 2022 செப்டெம்பரில் பழைய எக்ஸ்சீட் திட்டத்தின் இடத்துக்கு வந்தது. அதிலும் முதன்மை ஆய்வாளர் அமெரிக்க நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஆனால் அதன் முதல் படியான எக்ஸ்ப்ளோரில், மேற்பார்வையாளரின் கடிதத்தோடு பட்டப்பின் மாணவரே விண்ணப்பிக்கலாம். அங்கே படிக்கும் நம் நண்பர்களுக்கு இது தெரிவதில்லை. அமெரிக்க எரிசக்தித் துறையின் இன்சைட் திட்டம் எந்த நாட்டவருக்கும் திறந்தது, ஆனால் அது ஃபிரான்டியர், அரோரா போன்ற இயந்திரங்களின் கணிசமான பகுதியை ஒரே வேலைக்குப் பயன்படுத்தக் கூடியவர்களுக்கானது. முதல் விண்ணப்பத்தை அங்கே அனுப்புவதில் பயனில்லை.

ஆகவே நமக்கு ஒரு கூட்டாளி வேண்டும். இத்தாலியின் ட்ரியெஸ்டில் உள்ள சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையமான ஐசிடிபி வளரும் நாடுகளின் இயற்பியலாளர்களுக்காகவே நிறுவப்பட்டது. அதன் பயிற்சிப் பள்ளிகளில் இப்படியான தொடர்புகள் பல தொடங்குகின்றன. பயன்படுத்தும் நிரலின் பயனர் கூட்டங்களும் நல்ல இடம். மின்னஞ்சல் எழுதும்போது "எனக்கு கணினி நேரம் வேண்டும்" என்று தொடங்காதீர்கள். உங்கள் 256 ஓட்டத்தின் வரைபடத்தை இணைத்து, அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த முடிவை இது தொடர்கிறது என்று இரண்டு பந்தியில் சொல்லுங்கள். பல்கலைக்கழக முகவரியிலிருந்தே அனுப்புங்கள். யார் எந்த ஓட்டத்தைச் செய்வார், கட்டுரையில் பெயர் வரிசை எப்படி என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளரிடமும் அதை மறைக்க வேண்டாம்.

தரவு: மறந்துபோகும் பகுதி

ஒவ்வொரு அறைக்கும் அடர்த்தி, மூன்று உந்தம், ஆற்றல், மூன்று காந்தக்கூறு என எட்டு எண்கள். எண்ணுக்கு 8 பைட் என்றால் 1024 ஓட்டத்தின் ஒரு ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தில் எல்லா அறைகளின் நிலையையும் பதியும் கோப்பு) 69 ஜிகாபைட், 2048-இன் ஒன்று 550 ஜிகாபைட். நூறு ஸ்னாப்ஷாட் வைத்தால் 55 டெராபைட். விண்ணப்பத்தில் "சேமிப்பிடம்" என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால், நேரம் கிடைத்தும் இரண்டாவது நாளில் வட்டு நிரம்பி வேலை நின்றுவிடும்.

அவற்றை இங்கே கொண்டுவர முடியுமா? விநாடிக்கு 20 மெகாபிட் வரும் வீட்டு இணைப்பில் ஒரே ஒரு 2048 ஸ்னாப்ஷாட் இறங்க 61 மணித்தியாலம் ஆகும். இலங்கையின் கல்வி, ஆய்வு வலையமைப்பான லேர்னில் இணைந்த பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஜிகாபிட் முழுதாகக் கிடைத்தால் ஒன்றேகால் மணித்தியாலம்தான், ஆனால் அது முழுதாகக் கிடைப்பது அரிது. எனவே பகுப்பாய்வை அங்கேயே செய்யத் திட்டமிடுங்கள். நிறமாலை, ஆற்றல் விகிதம், நிகழ்தகவுப் பரம்பல் ஆகியவற்றை நிரல் ஓடும்போதே கணக்கிட்டு எழுதச் செய்யுங்கள். முழு ஸ்னாப்ஷாட் ஒரு புரள்வுக்கு ஒன்று போதும், அதையும் ஒற்றைத் துல்லியத்தில் எழுதினால் பாதி இடம். ஊருக்கு வருவது வரைபடங்களும் சில மெகாபைட் அட்டவணைகளும் மட்டுமே. பகுப்பாய்வுக்கும் கோர்-மணித்தியாலம் வேண்டும், அதைக் கணக்கில் சேர்க்க மறவாதீர்கள்.

எழுதுதல், அனுப்புதல்

மதிப்பீட்டாளர்களில் ஒருவர் வானியலாளர், இன்னொருவர் கணினிக்காரர் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். முதல் பக்கம் இருவருக்கும் விளங்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் காலி முகத்திடலுக்கு வரும் பேரலை உடைந்து சிற்றலையாகி நுரையாகி மறைவதைப் போலத்தான் கொந்தளிப்பின் ஆற்றல் பெரிய சுழலிலிருந்து சிறியதற்கு இறங்குகிறது. அந்த மாதிரி ஒரு படிமம் முதல் பந்தியில் இருப்பதில் தப்பில்லை. அதன் பிறகு நேராக எண்களுக்கு வந்துவிடுங்கள். ஓட்டங்களின் அட்டவணையில் கட்ட அளவு, பிரான்ட்ல் எண், புரள்வுகள், கோர்-மணித்தியாலம், சேமிப்பிடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை இருக்கட்டும். கடைசி வரியின் கூட்டுத்தொகை, படிவத்தில் நிரப்பிய எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று வேறொருவரைக் கொண்டு சரிபாருங்கள். ஒத்துப்போகாத விண்ணப்பங்கள் நிறையவே உண்டு. இயந்திரத்துக்கு இயந்திரம் அலகும் மாறும், சிலர் கோர்-மணித்தியாலத்திலும் சிலர் நோட்-மணித்தியாலத்திலும் (நோட் என்பது பல கோர்கள் சேர்ந்த ஒரு கணினி) சிலர் ஜிபியு-மணித்தியாலத்திலும் கேட்பார்கள்.

கடைசி நேரம் மத்திய ஐரோப்பிய நேரப்படி காலை 10 மணி என்றால், நமக்குக் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள்.

கிடைத்த பிறகு

கணக்குத் திறக்கச் சில கிழமை போகும். சில மையங்கள் கடவுச்சீட்டுப் பிரதி கேட்கும், அது காலாவதியாகாமல் இருக்கட்டும். இருபடிச் சரிபார்ப்புக்கான தொலைபேசியை மாற்றும்போது மையத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். இங்கே இணைப்பு அறுந்தாலும் அங்கே வரிசையில் கொடுத்த வேலை தன் பாட்டுக்கு ஓடும். ஆனால் முகப்புக் கணினியில் கையால் தொடங்கிய பகுப்பாய்வு நின்றுவிடும், ஆகவே இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸ் என்ற மென்பொருளுக்குள் அதைத் தொடங்குங்கள்.

கிடைத்த நேரத்தை ஆண்டின் கடைசி மாதத்துக்கு வைத்திருக்காதீர்கள். பல மையங்கள் காலாண்டுக் கணக்கில் பயன்பாட்டைப் பார்த்து, பயன்படாத பங்கைத் திரும்ப எடுத்துவிடும். கடைசி மாதங்களில் எல்லோரும் ஒன்றாக ஓட்டுவதால் வரிசையும் நீளும். முதல் கிழமையில் 512 ஓட்டங்கள் ஒன்பதையும் கொடுத்துவிடுங்கள், அவை முழு ஒதுக்கீட்டில் 7 சதவீதம்கூட ஆகாது. அவற்றின் நிறமாலையைப் பார்த்த பிறகு 1024-ஐத் தொடங்குங்கள். மூன்று பிரான்ட்ல் எண்களில் 2048-க்கு ஏற்ற வேண்டியது எது என்பது அந்தக் கோடுகளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தம்பி தன் 256 ஓட்டத்தைப் போன கிழமை முடித்துவிட்டார். காந்த ஆற்றல் இயக்க ஆற்றலை எட்டுவதற்குள் தட்டையாகும் அந்தக் கோட்டை எனக்கு அனுப்பியிருக்கிறார். இப்போது ஐரோப்பாவிலுள்ள ஒருவருக்கு எழுத வேண்டிய இரண்டு பந்திகளைத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.